நமக்குத் தெரியும், அவர்களுக்கு?

பத்தாம் வகுப்பு மாணவி



பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் கட்டி ஆளும் பொருள் எது என்று கேட்டால் சிலர் மணி என்பர். சிலர் பிரம்பு என்பர். நானோ கால அட்டவணை என்பேன். ஜூன் மாதத்தில் வகுப்பாசிரியை அதைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறார். நாம் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்து, வண்ணப் பென்சிலால் கட்டங்களைத் தீட்டி, நோட்டின் முதற் பக்கத்தில் ஒட்டி வைக்கிறோம். திங்கட்கிழமை முதற் பாடவேளை கணக்கு என்றால் கணக்குத்தான். அதில் எவ்வளவு நம்பிக்கை நமக்கு!

ஆனால், ஓர் ஆண்டில் அந்த அட்டவணை எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? மழை வந்தால் மாறுகிறது. திருவிழா வந்தால் மாறுகிறது. தேர்வு தள்ளிப் போனால் மாறுகிறது. இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு இது ஒரு பெரிய காரியமாகத் தோன்றுவதில்லை. காற்று வாக்கில் செய்தி காதுக்கு வந்துவிடுகிறது. ஊருக்குப் புதியவராய், மொழி தெரியாதவராய், கடல் கடந்து வந்து கற்பிக்கும் ஓர் ஆசிரியருக்கு அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேரும்? இக்கேள்வியை என் மனத்தில் விதைத்தவர் என் அம்மாச்சி.

என் அம்மாச்சி ஏறக்குறைய ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் மதுரை நகரில் ஒரு கல்லூரியில் படித்தவர். அவருக்கு ஆங்கிலம் கற்பிக்க அமெரிக்காவிலிருந்து ஓர் இளம் ஆசிரியை வந்திருந்தாராம். கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு வந்தவர். மாணவிகளுக்கும் அவருக்கும் நான்கைந்து வயதுதான் வித்தியாசம். பருத்திப் புடவையை ஊக்குகளால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கை நிறையப் புத்தகங்களோடு வகுப்புக்கு வருவாராம். எல்லாரும் அவரை "மிஸ்" என்றே அழைப்பார்களாம்.

தை மாதத்தில் ஒரு நாள். பிற்பகல் வகுப்பில் மாணவிகளைக் கொண்டு ஒரு சிறு நாடகம் நடத்திப் பார்ப்பதாக மிஸ் சொல்லியிருந்தார். அட்டையில் கிரீடம் செய்து, தாளில் வசனங்களை எழுதி, பகலுணவுக்குப் பின் வகுப்பறைக்கு வந்தார். அங்கே ஒருவரும் இல்லை. பக்கத்து அறையிலும் இல்லை. அன்று மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பத் திருவிழா. தைப்பூசத்தன்று அங்கே தெப்பம் மிதப்பதும், மாலையில் குளமெங்கும் விளக்கொளி நிறைவதும், ஊரே திரண்டு போவதும் மதுரையில் யாருக்குத்தான் தெரியாது? பிற்பகல் கல்லூரி அரைநாள் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. எல்லாருக்கும் தெரிந்த செய்தியை யாரும் எழுதி ஒட்டுவதில்லை அல்லவா?

"காவல்காரத் தாத்தா, 'லீவு, லீவு'ன்னு கையக் கைய ஆட்டுறாரு. அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் விளங்கல. நான் மறந்து வச்சுட்டுப் போன டிபன் டப்பாவ எடுக்க வந்தேன். கையில அட்டைக் கிரீடத்த வச்சுக்கிட்டு நிக்கிது, தாயி. கண்ணு கலங்கிப் போச்சு. நம்ம மேல கோவத்துல எல்லாரும் வகுப்புக்கு வரலையோன்னு நெனச்சுருச்சாம்" என்று அம்மாச்சி சொன்னார்.

இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அரைநாள் விடுமுறை என்பது நமக்கு மகிழ்ச்சி. காரணம் தெரியாத ஒருவருக்கோ அதே வெற்று வகுப்பறை ஓர் அவமானமாய்த் தோன்றிவிட்டது!

அம்மாச்சி தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தெப்பத் திருவிழாவை விளக்கினாராம். மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாராம். பிறகு ஒரு வேண்டுகோள் விடுத்தாராம்: "இனி எது மாறினாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்வாயா?" அன்று முதல் அம்மாச்சியே அவருக்கு நாட்காட்டி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு துண்டுத் தாளில் அடுத்த வாரச் செய்திகளை எழுதிக் கொடுப்பாராம். எந்த நாளில் என்ன விழா, எந்தத் தெருவில் தேர் வந்தால் பேருந்து நிற்கும், எந்த முகூர்த்த நாளில் பாதி வகுப்பு கல்யாணத்துக்குப் போய்விடும் என்பதெல்லாம் அதில் இருக்குமாம்.

மிஸ்ஸும் தம் பங்குக்கு வழக்கத்தை மாற்றிக்கொண்டாராம். முன்பெல்லாம் ஒரு பாடத்தை நான்கு வகுப்புகளுக்கு நீட்டித் திட்டமிடுவார். நடுவில் ஒரு நாள் போனால் எல்லாம் அறுந்து போகும். பின்னர் ஒவ்வொரு நாளும் தன்னளவில் முடிந்துவிடும்படி பாடத்தை அமைத்தார். கைப்பையில் எப்போதும் ஒரு சிறு பாடம் தயாராக இருக்கும். ஐம்பது பேர் வர வேண்டிய வகுப்பில் பத்துப் பேர் வந்தாலும், ஒரு மணி நேரம் இருபது நிமிடமாகக் குறுகினாலும் அதை நடத்திவிடலாம். "அந்தப் பத்துப் பேர் வகுப்புலதான் நான் இங்கிலீசு பேசக் கத்துக்கிட்டேன்" என்று அம்மாச்சி இன்றும் பெருமையோடு கூறுவார்.

மதுரைக்கு வெளிநாட்டு ஆசிரியர்கள் புதியவர்கள் அல்லர். இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி அடிகளார் 1606-ஆம் ஆண்டிலேயே இங்கு வந்து, தமிழும் வடமொழியும் கற்று, உடையையும் உணவையும் இவ்வூர் வழக்கப்படி மாற்றிக்கொண்டு, தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். அவருக்குப் பின் வந்த வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை முடித்து, தமிழருக்கே தமிழ்ச் சொற்களைத் தொகுத்துக் கொடுத்தார். இவ்விருவரும் தாமே எல்லாவற்றையும் கற்றார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் பக்கத்தில் அமர்ந்து, "ஐயா, இன்று இது வழக்கம், நாளை அது வழக்கம்" என்று சொல்லிக் கொடுத்த நம் ஊர்க்காரர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்களுடைய பெயர்களை நாம் நினைப்பதில்லை.

பின்னாளில் அமெரிக்கர் பலர் வந்தனர். 1881-இல் பசுமலையில் தோன்றிப் பின்னர் நகருக்குள் வந்த அமெரிக்கன் கல்லூரியும், கேட்டி வில்காக்ஸ் அம்மையார் 1948-இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரியும் நமக்குத் தெரிந்தவையே. இக்கல்லூரிகளுக்கு இளம் ஆசிரியர்களை அனுப்பி வந்த ஒரு சங்கத்தைப் பற்றிச் சமூக அறிவியல் செயல்திட்டத்துக்காகப் படித்தபோது எனக்குப் பெரும் வியப்பு ஏற்பட்டது. அதன் பெயரிலேயே சீன நாட்டின் ஷான்சி மாகாணம் இருக்கிறது!

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஓபர்லின் கல்லூரி இருக்கிறது. 1900-இல் சீனாவில் நடந்த பாக்ஸர் கலகத்தில், ஷான்சி மாகாணத்தில் பணி செய்து வந்த அக்கல்லூரியின் பழைய மாணவர்கள் பலர் கொல்லப்பட்டனர். அவர்கள் நினைவாக 1908-இல் ஓபர்லின் ஷான்சி சங்கம் உருவாயிற்று. ஷான்சியிலுள்ள தைகு என்னும் ஊரில் மிங் சியன் என்ற பள்ளியை அச்சங்கம் ஆதரித்தது. ஓபர்லினில் படிப்பை முடித்த இளைஞர்கள் அங்கே போய் ஆங்கிலம் கற்பித்தனர்.

அப்பள்ளி கண்ட மாற்றத்தோடு ஒப்பிட்டால் நம் மழை விடுமுறை எம்மாத்திரம்? 1937-இல் சப்பான் படையெடுத்தபோது பாடவேளை அன்று, பள்ளியே இடம் மாறியது. ஊர் விட்டு ஊர் சென்று, கடைசியில் தொலைவிலுள்ள சிச்சுவான் மாகாணத்தில் போய் நின்றது. 1949-இல் சீனாவில் ஆட்சி மாறிய பின்னர், அச்சங்கத்தின் பணி அங்கே நின்றுபோயிற்று. அதன் பின்னரே அவர்கள் தைவானையும் இந்தியாவையும் நாடினர். இந்தியாவில் அவர்கள் வந்து சேர்ந்த ஊர் நம் மதுரை! 1980-களில் சீனத்தின் கதவு மீண்டும் திறந்ததும் தைகுவுக்கும் மறுபடி ஆசிரியர்கள் போனார்கள். ஆக, ஒரே கல்லூரியிலிருந்து புறப்பட்ட இளைஞர்களில் சிலர் ஷான்சியிலும் சிலர் வைகைக் கரையிலும் கரும்பலகை முன் நின்றிருக்கிறார்கள்.

இன்று சீனப் பள்ளிகளில் கற்பிக்கும் வெளிநாட்டு ஆசிரியர்கள் அடிக்கடி சொல்லும் குறை, கடைசி நேர மாற்றம்தான். "நாளை ஞாயிற்றுக்கிழமை, ஆனால் பள்ளி உண்டு" என்று சனிக்கிழமை மாலை சொன்னால் எப்படி இருக்கும்? அங்கே இது நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பெரிய பண்டிகைகளுக்கு நீண்ட விடுமுறை கிடைப்பதற்காக அரசு சில சனி, ஞாயிறுகளை வேலை நாட்களாக மாற்றுகிறது. எடுத்துக்காட்டாக, 2024-இல் தேசிய நாளுக்காக அக்டோபர் 1 முதல் 7 வரை விடுமுறை. அதற்கு ஈடாக, முன்னே செப்டம்பர் 29 ஞாயிறும், பின்னே அக்டோபர் 12 சனியும் வேலை நாட்கள். இப்பட்டியல் வழக்கமாக முந்திய ஆண்டின் பிற்பகுதியில் வெளிவரும். அதுவும் இடையில் மாறுவதுண்டு. 2019-இல் மே தின விடுமுறையை நான்கு நாளாக நீட்டி, மார்ச் 22 அன்றுதான் அறிவித்தார்கள். அதற்காக இரண்டு ஞாயிறுகள் வேலை நாட்களாயின.

நாடு முழுமைக்கும் தேதி தெரிந்துவிடலாம். அந்த ஞாயிறன்று எந்தக் கிழமையின் பாடவேளை நடக்கும், எந்த வகுப்புக்குத் தேர்வு, எந்த வகுப்புக்கு விளையாட்டு விழா என்பதைப் பள்ளிதான் முடிவு செய்ய வேண்டும். பள்ளியோ மேலிடத்து உத்தரவை எதிர்பார்த்து நிற்கும். உத்தரவு வந்ததும் கைப்பேசிக் குழுவில் சீன மொழியில் செய்தி போகும். சீன ஆசிரியர்களுக்கே அது தாமதமாகத்தான் கிடைக்கிறது. சீன எழுத்தைப் படிக்க இயலாத வெளிநாட்டு ஆசிரியருக்கு, யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு. மேலும், அவர் நடத்தும் ஆங்கிலப் பேச்சு வகுப்புக்குப் பெரும்பாலும் பொதுத்தேர்வு கிடையாது. ஆகவே, இடம் வேண்டியபோது முதலில் நகர்த்தப்படுவது அவருடைய வகுப்பே.

இதைப் படித்தபோது, "அட, இது நம் ஊர்க் கதையாயிற்றே!" என்று தோன்றியது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அளிக்கிறார். அதற்கு ஈடாக வேறொரு சனிக்கிழமை வேலை நாளாகிறது. 2023-இல் கோடை வெயிலின் கடுமையால் பள்ளித் திறப்பு ஜூன் 1-லிருந்து 7-க்கும், பின்னர் 6 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கு 12-க்கும் தள்ளிப் போனது நமக்கு நினைவிருக்கும். 2020-இல் என் அக்கா பத்தாம் வகுப்பு. கொரோனாத் தொற்றினால் அவர்களுடைய பொதுத்தேர்வு மார்ச் 27-லிருந்து ஏப்ரல் 15-க்கும், பின் ஜூன் 1-க்கும், அதன்பின் ஜூன் 15-க்கும் மாறி, ஜூன் 9 அன்று அடியோடு ரத்தாயிற்று. அக்கா ஒவ்வொரு தேதிக்கும் ஒரு புதிய படிப்பு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினாள். கடைசியில் சுவரில் பசைத் தடம்தான் மிஞ்சியது. அதே ஆண்டில் சீன மாணவர்களும் தங்கள் பெருந்தேர்வு ஜூன் 7-லிருந்து ஜூலை 7-க்குப் போனதைக் கண்டார்கள். மாற்றம் எல்லா நாட்டிலும் வரும். அதை ஒருவராலும் தடுக்க முடியாது. ஒருவருக்குத் தெரிந்து, இன்னொருவருக்குத் தெரியாமல் போவதை மட்டும் நம்மால் தடுக்க முடியும்.

இதை எனக்கு நன்றாக உணர்த்திய நிகழ்ச்சி நம் வகுப்பிலேயே நடந்தது. சென்ற கார்த்திகையில் ஒரு நாள் விடிய விடிய மழை. காலை ஆறரை மணிக்குப் பின்னர்தான் விடுமுறை அறிவிப்பு வந்தது. தொலைக்காட்சியில் பார்த்தவர்களும் கைப்பேசிக் குழுவில் கண்டவர்களும் போர்த்திக்கொண்டு தூங்கினோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி செக்கானூரணிக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து வருபவள். ஆறு மணிப் பேருந்தைப் பிடித்தால்தான் அவளால் முதல் மணிக்கு வந்து சேர முடியும். அவளுடைய அப்பாவிடம் இருப்பது பேச மட்டுமே பயன்படும் பழைய கைப்பேசி. செய்தி வந்தபோது அவள் பேருந்தில் நனைந்துகொண்டிருந்தாள். வந்து பார்த்தால் வாயிற்கதவு சாத்தியிருந்தது. பேருந்து நிழற்குடையில் ஈரப் பாவாடையோடு இரண்டரை மணி நேரம் தனியே அமர்ந்திருந்து, பின்னர் ஊருக்குத் திரும்பினாள்.

மறுநாள் அவள் யாரையும் குறை கூறவில்லை. "எல்லாருக்கும் தெரியும்னு எல்லாரும் நெனச்சுட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அம்மாச்சியின் மிஸ் நினைவுக்கு வந்தார். கடல் கடந்து வந்தவர்தான் அயலார் என்பதில்லை. நாற்பது நிமிடப் பேருந்துப் பயணமும், ஒரு பழைய கைப்பேசியும் போதும். நம் பக்கத்து இருக்கையில் இருப்பவளும் அயலாள் ஆகிவிடுகிறாள்.

அன்று இடைவேளையில் நாங்கள் சிலர் கூடிப் பேசினோம். வகுப்பில் யார் யார் எந்த வழிப் பேருந்தில் வருகிறார்கள் என்று எழுதினோம். வழிக்கு ஒருத்தி பொறுப்பு. செய்தி கிடைத்ததும் அவள் தன் வழியிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் பேசிச் சொல்ல வேண்டும். மறுமுனையில் ஒருவர் "சரி" என்று சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. கிராமத்துத் தோழிக்கு அவள் ஊர் டீக்கடை எண்ணைக் குறித்தோம். முதல் முறை முயன்றபோது மழையால் டீக்கடை திறக்கவில்லை! உடனே இரண்டாவது எண்ணாக, அந்தப் பேருந்தில் வழக்கமாக வரும் நடத்துநரின் எண்ணை அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்தார். "பாப்பா, ஏறாத! இன்னிக்கு லீவாம்" என்று அவரே நிறுத்தத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். கரும்பலகையின் இடது மூலையில் "மாற்றம்" என்று ஒரு கட்டமும் போட்டு வைத்தோம். நாளைய நாளில் என்ன மாறினாலும், எல்லாருக்கும் தெரிந்ததே என்றாலும், அதில் எழுதியே தீர வேண்டும் என்பது எங்கள் விதி. திருப்புதல் தேர்வு ஒன்று காலையிலிருந்து பிற்பகலுக்கு மாறியபோது, கடைசி வீடு வரைக்கும் அன்று மாலையே செய்தி போய்ச் சேர்ந்தது.

இந்த ஏற்பாட்டை அம்மாச்சியிடம் சொன்னேன். மகிழ்ந்தார். மிஸ் ஊருக்குத் திரும்பும்போது அம்மாச்சி எழுதிக் கொடுத்த துண்டுத் தாள்கள் அனைத்தையும் ஒரு உறையில் போட்டு எடுத்துச் சென்றாராம். "என்னத்துக்கு மிஸ் இந்தக் குப்பைன்னு கேட்டேன். 'இந்த ஊர்ல நான் தனியா இல்லேங்கிறதுக்கு இதுதான் அத்தாட்சி'ன்னு சொல்லிச்சு" என்றார். அந்தத் தாள்களில் இருந்ததெல்லாம் தேதியும் கிழமையும்தான். அவை ஒருவருக்கு இவ்வளவு பெரிய செல்வமாக இருந்திருக்கின்றன!

தோழியரே, நாளை நம்மில் சிலர் வேற்றூரில், வேற்று நாட்டில் ஆசிரியராகவோ செவிலியராகவோ பொறியாளராகவோ பணியாற்றப் போகிறோம். அப்போது அட்டவணை மாறினால் சினம் கொள்ளாமல், கைப்பையில் ஒரு சிறு பாடத்தை வைத்துக்கொண்டு, கேட்கக் கூச்சப்படாமல் கேட்போம். இன்று நாம் உள்ளூர்க்காரர்கள். இவ்வாண்டு நம் வகுப்புகளில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். விடுதிக்குப் புதியவர்கள் இருக்கிறார்கள். மொழி பழகாத சகோதரிகளும் ஆசிரியைகளும் நம்மிடையே வரக்கூடும். "அவர்களுக்குத் தெரிந்திருக்கும்" என்று எண்ணி நகர்ந்துவிடுவது எளிது. ஒரு நிமிடம் நின்று, "அக்கா, நாளைக்கு அரைநாள்தான், உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்பதும் எளிதே. கடைசி மணி அடித்தபின் புத்தகப் பையைத் தோளில் மாட்டுமுன், நமக்குத் தெரிந்ததைத் தெரியாத ஒருவருக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவோம்.